அம்மா தண்ணீர் பார்த்த நாள்

பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் குடியிருப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு மாதமாக மாநாடு நடக்கிறது. என் கணவர் ஒரு கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறார். பாடசாலைக்கு எத்தனை நிமிடம், ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம், மாரியில் வெள்ளம் நிற்குமா, அயலவர் எப்படிப்பட்ட ஆட்கள் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுகிறார். மனிதர் கணக்கு வாத்தியார், அவரைக் குறை சொல்லி என்ன. என் அம்மாவிடம் கொப்பியும் இல்லை, புள்ளியும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். தண்ணீர் எப்படி? அந்த ஒரு கேள்வியையும் நான் கெடுத்துவைத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. சண்டை முடிந்து, முகாமில் இருந்து எங்களை வெளியே விட்டு, மன்னார்த் தீவில் பெரியம்மா வீட்டில் ஓர் அறையில் நாங்கள் நான்கு பேரும் ஒட்டிக்கொண்டிருந்த காலம். அப்பாவின் ஊர் பெருநிலத்தில், உயிலங்குளத்துக்கும் அப்பால், குளமும் வயலுமாக இருந்த சின்னக் கிராமம். நான் அங்கே பிறந்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. கண்ணிவெடி எடுத்து முடிந்துவிட்டது, சனங்கள் போகலாம் என்று அறிவித்தார்கள். குடும்பமாகப் போய்க் குடியேறினால் வீட்டுத்திட்டத்தில் பெயர் சேரும் என்று கிராம அலுவலரான விதானையாரும் சொல்லிவிட்டார். அன்றைக்கே அப்பா பாதி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார், உடம்பு மட்டும்தான் பெரியம்மா வீட்டில் இருந்தது.

அம்மா உடனே சம்மதிக்கவில்லை. முகாமில் இருந்தபோது என் தம்பிக்குத் தண்ணீரால் வயிற்றோட்டம் வந்து, பிள்ளை தோலும் எலும்புமாகிப் பிழைத்ததே பெரும்பாடு. அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் ஒரு பயம். எங்கே போனாலும் முதல் மிடறை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களுக்குத் தருவார்.

"பிள்ளையள் வளர்ற இடத்தில முதல் தண்ணி நல்லா இருக்கவேணும். மிச்சமெல்லாம் பிறகு," என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "என்ர கிணத்துத் தண்ணியில ஒரு தேத்தண்ணி போட்டுக் குடி. குடிச்சிட்டும் நீ வேண்டாமெண்டு சொன்னா, நான் மறுகதை கதைக்கமாட்டன்," என்று பெரியம்மா பெரியப்பா முன்னிலையில் வாக்குக் கொடுத்தார்.

எனக்கோ திக்கென்றது. எனக்கு டவுனை விட்டுப் போக விருப்பமே இல்லை. பெரியம்மா வீட்டில் தொலைக்காட்சி இருந்தது. பின்னேரத்தில் ஐஸ்பழ வான் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். தெருவெல்லாம் கழுதைகள் தங்கள் பாட்டில் திரியும், அவற்றில் ஒரு குட்டியை நான் என்னுடையது என்று சொல்லி வைத்திருந்தேன். வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்திருந்தேன். ஐந்து பாடசாலை மாறி ஆறாவது பாடசாலையில் வந்த முதலாமிடம் அது. அதை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போ என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் யார் வாக்குக் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியவே வெளிக்கிட்டோம். புதுவீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும்தான் போகவேண்டும் என்று பெரியம்மா சொன்னார். பெரியப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். அவர் வாரிக் கொடுத்தால் ஒரு பிடியா கொடுப்பார்? மாச் சாக்கில் தைத்த சீலைப்பை நிறைய, நாலைந்து கிலோ கல்லுப்பு. அம்மா தானே அதைக் கட்டி, மேலே மஞ்சள் துண்டை வைத்து, சாமிப் படத்தையும் சுற்றி எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் அப்பாவோடு நன்றாகக் கதைத்துக்கொண்டுதான் வந்தார். தோசைக்கல் வாங்கவேணும், முற்றத்தில் ஒரு முருங்கை வைக்கவேணும் என்றெல்லாம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

சந்தியில் இறங்கியதும் ஊரவர் ஒருவருடைய டிராக்டர் பெட்டியில் ஏறினோம். குளக்கட்டைத் தாண்டியதும் பாடசாலை வந்தது. அதன் பாதியில்தான் பாடசாலை. மற்றப் பாதியில் முட்கம்பி, மண்மூட்டை, ஆமிக் காம்ப். வாசலில் இரண்டு பேர் நின்று எங்களுக்குக் கையசைத்தார்கள். நானும் தம்பியும் திருப்பிக் கையசைத்தோம். அங்கிருந்து ஊர் வரைக்கும் இரண்டு பக்கமும் ஆள் உயரப் பற்றை. ஒரு வீடு கிடையாது. அந்த நீளப் பாதையில் அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. டிராக்டர் குலுக்கலில் தலைவலி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வீடு என்று அங்கே ஒன்றும் இல்லை. நான்கு சுவர் அரைவாசி நின்றது, அதற்குள் ஒரு நாவல் கன்று முளைத்திருந்தது. கிணறு மட்டும் கட்டோடு அப்படியே இருந்தது. வெடிபொருள் எடுக்கிற ஆட்கள் ஏற்கனவே இறங்கிப் பார்த்துச் சரி சொன்ன கிணறு. ஆனாலும் இத்தனை வருடம் இறைக்காத தண்ணீரை யார் வாயில் வைப்பார்? முழுவதும் இறைத்து, சேற்றை அள்ளி, புது ஊற்று ஊறிய பிறகுதான் குடிக்கலாம். ஊருக்குத் திரும்பிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் மற்றவர்கள் சேர்ந்து இதைச் செய்து கொடுப்பார்கள். வேலை முடிய அந்த வீட்டுக்காரர் சாப்பாடு போடவேண்டும். அன்றைக்கு எங்கள் முறை.

பக்கத்து வளவு மாமாதான் உள்ளே இறங்கினார். அவர் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கையின் கணவர். இறைக்கிற மெஷின் கத்தக் கத்தத் தண்ணீர் வெளியே பாய்ந்தது. பிறகு வாளி வாளியாகச் சேறு வந்தது, ஓடு வந்தது, ஒரு சைக்கிள் ரிம் வந்தது. அப்பா ஒவ்வொன்றுக்கும் "அட, இது அங்கதானே கிடந்தது" என்பதுபோல முகம் மலர்ந்தார். கடைசியில் மாமா கீழிருந்து, "அண்ணை, ஊத்து வருது. வாய் வைச்சுப் பாத்தனான், அப்பிடியே பழைய தண்ணி!" என்று கத்தினார். அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லாம் முடிந்தது, கழுதைக்குட்டி போச்சு, ஐஸ்பழம் போச்சு, முதலாமிடமும் போச்சு.

இந்தப் பக்கம் அம்மாவும் பக்கத்து வளவு மாமியும் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, மாமி வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அம்மா, "பள்ளிக்கூடம் போறது எப்பிடி மச்சாள்?" என்று கேட்டார்.

"அரை மணித்தியால நடை. தூரமொண்டும் இல்லை மச்சாள். ஆனா மூத்தவளை நான் தனிய விடுறேல்லை. காலமை நான்தான் கொண்டுபோய் விடுறது. பத்தரைக்கே அடுப்பை நூத்துப்போட்டுப் போய், விடுமட்டும் வாசல்ல காத்துக்கொண்டு நிண்டு கூட்டியாறது."

"ஏன் மாமி, யானை வருமோ?" என்று கேட்டேன்.

மாமி அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, யானைதான்," என்றார் மாமி.

"அப்ப உங்கட சின்னவன்?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"அவன் தன்ர பாட்டில போய் வருவான்."

அந்த ஊர் யானை ஆளைப் பார்த்துத்தான் துரத்தும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊர்மேல் எனக்கு இருந்த வெறுப்பில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஊற்று ஊறட்டும் என்று ஆண்கள் எல்லோரும் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். கிணற்றடியில் யாரும் இல்லை. எட்டிப் பார்த்தேன். அடியில் முழங்காலளவு தண்ணீர், கண்ணாடிபோல வானம் தெரிந்தது. உப்புப் பை சுவரோரம் கிடந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்லமுடியாது, பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதே இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். அவிழ்த்து, தலைகீழாகப் பிடித்து, ஒரு கல் மிச்சமில்லாமல் கொட்டினேன். பிறகு வாளியை விட்டு மேலும் கீழுமாக அடித்துக் கலக்கினேன். கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளை அல்லவா, கரைய வேண்டும் என்பது தெரியாதா? வெறும் பையைப் பற்றைக்குள் எறிந்துவிட்டு நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தேன்.

நாலு வயதுத் தம்பியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவன் பற்றைக்குள் நுழைந்து, நனைந்த பையை வாலைப்போல இழுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் வந்து, "அம்மா, பை!" என்றான்.

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா பையை வாங்கினார். உள்ளே கை விட்டுப் பார்த்தார். விரலை நாக்கில் வைத்தார். கிணற்றடியைப் பார்த்தார், ஈரமாகத் தொங்கிய வாளிக் கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அடி எந்தப் பக்கத்தில் இருந்து விழும் என்று காத்துக்கொண்டிருந்தபோது அம்மா அந்தப் பையை நாலாக மடித்து, அதையே பிடிதுணியாக வைத்துச் சோற்றுப்பானையை இறக்கினார்.

மாமி கறிக்கு உப்புக் கேட்டார். "ஐயோ, உப்புக் கொண்டுவர மறந்துபோனன் மச்சாள்," என்றார் அம்மா. மாமி தன் வீட்டுக்கு ஓடி ஒரு சிரட்டையில் உப்புக் கொண்டுவந்தார். என் அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்பமுடியவில்லை. காலையில் தன் கையால் கட்டிய உப்பை இந்த அம்மா எப்படித்தான் மறந்தார்? இவ்வளவு மறதிக்காரியை வைத்துக்கொண்டு அப்பா எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்றுகூட இரக்கப்பட்டேன்.

குளித்துவிட்டு எல்லோரும் வந்தார்கள். அப்பா தலைகூடத் துவட்டவில்லை, வாளியை விட்டுத் தண்ணீர் அள்ளினார். தான் முதலில் குடிக்கவில்லை. புதுச் சில்வர் பேணியில் ஊற்றி, இரண்டு கையாலும் அம்மாவிடம் நீட்டினார். "தேத்தண்ணி பிறகு போடலாம். முதல் சும்மா குடிச்சுப் பார்."

அம்மா வாங்கி ஒரு மிடறு குடித்தார். பேணிக்குள் ஒருமுறை பார்த்தார்.

"உப்பு," என்றார்.

அப்பா பேணியைப் பிடுங்காத குறையாக வாங்கிக் குடித்தார். மறுபடி அள்ளிக் குடித்தார். மாமா குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதென்ன கோதாரி! நான் கீழ நிண்டு குடிச்சனான் அண்ணை. நல்லாத்தானே கிடந்தது!"

"அது மேல் ஊத்து," என்றார் அம்மா, பரம்பரையாகக் கிணறு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர்போல. "சேறு எடுத்தோடன கீழ் ஊத்துத் திறந்திட்டுது. அதுதான் உப்பு."

"எங்கட ஊரில எங்க உப்பு? கடல் எங்க கிடக்கு, இது எங்க கிடக்கு?" அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. "அப்பிடிப் பாத்தா டவுன் கிணத்துத் தண்ணி மட்டும் இளநியோ? உன்ர அக்காவின்ர கிணத்தில வாய்கூடக் கொப்பளிக்கேலாது."

"அங்க குடிதண்ணி பவுசர் லொறியில வருது."

"நாளைக்கு ஒருக்கா இறைச்சுப் பாப்பம். ஒரு நாள் பொறு."

"நீங்கள் தந்த வாக்கு," என்றார் அம்மா. சத்தம் போடவில்லை, கெஞ்சுவதுபோலத்தான் சொன்னார். "பிள்ளையளை இஞ்ச வைச்சு வளர்க்கேலாது. நீங்கள் வயலைப் பாருங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. பிள்ளையள் டவுனில படிக்கட்டும்."

அப்பா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஈரத் தலையில் இருந்து தண்ணீர் சொட்டியது. அவருடைய முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்கமுடியவில்லை. ஐஸ்பழமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. "அப்பா, அது வந்து..." என்று வாயைத் திறந்தேன்.

"பிள்ளை! தம்பி எங்க? போய்ப் பார்!" என்று அம்மா அதட்டினார்.

தம்பி அம்மாவின் காலடியில்தான் நின்றான். நான் மறுபடி வாயைத் திறந்தேன். "போ எண்டெல்லே சொன்னனான்!" என்றார். அவ்வளவுதான், என் தைரியம் போய்விட்டது. சாப்பாட்டை எல்லோரும் இழவு வீட்டில் சாப்பிடுவதுபோலக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

அப்பா அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த நாள் இறைத்துப் பார்த்திருக்கிறார், தண்ணீர் பழையபடி வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை ஒரு பிளாஸ்ரிக் கானில் தண்ணீர் நிறைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாலம் கடந்து வந்து நின்றார். "குடிச்சுப் பார். குடிச்சுப் பார்." அம்மா குடித்தார். "இப்ப பறவாயில்லை. கோடைக்கு என்ன செய்யுமோ தெரியாது," என்றார். அடுத்த சனியும் கான் வந்தது. "லேசா ஒரு கரிப்புக் கிடக்கு," என்றார் அம்மா. இப்படி இரண்டு போகம் அப்பா தண்ணீர் சுமந்தார். தறப்பாள் கொட்டிலில் தனியே சமைத்துச் சாப்பிட்டு, வயல் செய்து, கிழமைக்கு ஒரு நாள் விருந்தாளியாக வந்து போனார். குடும்பமாகக் குடியேறாததால் வீட்டுத்திட்டத்தில் எங்கள் பெயர் வரவில்லை. பெரியம்மா வீட்டு ஒற்றை அறையில் ஏழு வருடம் இருந்தோம். அப்பா இன்றைக்கும் யார் கேட்டாலும் அந்த வருடத்தைக் கடல் நிலத்துக்கடியால் வந்த வருடம் என்றுதான் சொல்லுவார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இதுவரை நெஞ்சில் துணிவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில், அப்பா முதுகுவலியோடு வந்து படுத்திருந்த ஒரு நாள், அம்மா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கிட்டப் போய் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அம்மா கொடியில் இருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்," என்றார்.

"பிறகேனம்மா அப்பாட்டச் சொல்லேல்லை? எனக்கு ரெண்டு அடியாவது போட்டிருக்கலாமே!"

அம்மா அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். "அண்டைக்கு அந்த ரோட்டைப் பாத்தோடன எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. எப்பிடி வேண்டாமெண்டு சொல்லுறது எண்டு தெரியாமல் அடுப்படியில இருந்தனான். அங்கயே பொம்பிளைப் பிள்ளையளோட இருக்கிறவையின்ர முகத்துக்கு நேர அதைச் சொல்லலாமே? கொப்பர் தன்ர ஊருக்கு நான் நொட்டை சொல்லுறன் எண்டு நினைச்சிருப்பார். நீ அதைப் போட்டிராட்டி நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியேல்லை."

பிறகு வாளியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். பதினாறு வயதில் எனக்கு அது கொஞ்சம் விளங்கியது. விளங்காத மிச்சம், என் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு பார்க்கத் திரிகிற இப்போதுதான் விளங்குகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எனக்கு வந்த கோபத்தால் அது இன்றைக்கும் நன்றாக நினைவிருக்கிறது.

பின்னேரம் டிராக்டர் வயலுக்குப் போய்விட்டதால், அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்திக்கு நடந்தார். பற்றைப் பாதை முழுக்க அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓடவேண்டியிருந்தது. காம்ப் வாசலுக்கு வந்தபோது காலையில் கையசைத்த ஆமிக்காரர்களில் ஒருவன் நின்றான். சின்ன வயதுதான், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. நல்ல சிரிப்பு. சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டு, மிச்சத்தைத் தெரிந்த தமிழில், "நங்கி, பேர் என்ன?" என்று என்னைக் கேட்டான். சொன்னேன். "வயசு எத்தனை?"

நான் வாயெடுக்கும் முன் அம்மா, "எட்டு," என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "இல்லை, பத்து!" என்றேன். "வாற மாசம் பதினொண்டு!"

அம்மா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை. "இதுக்குக் கணக்குத் தெரியாது. எட்டுத்தான். சின்னப் பிள்ளை," என்று அவனிடம் சொல்லிக்கொண்டே என் கையை நெரித்தார். அவன் தலையை ஆட்டிவிட்டு ஒரு டொபியை நீட்டினான். நான் வாங்கப் போனேன், அம்மா இழுத்துக்கொண்டு நடந்தார். அவன் பாவம், நீட்டிய கையோடு நின்றான்.

கணக்கில் முதலாவதாக வந்த என்னைப் பார்த்துக் கணக்குத் தெரியாது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் இருக்கவில்லை. பின் ஆசனத்தில் போய் இருந்தேன். அம்மா மூன்று தரம் திரும்பிக் கூப்பிட்டார். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையின் வயதே தெரியாத இந்த மனுசி, எங்களை எப்படி ஒழுங்காக வளர்த்து ஆளாக்கப் போகிறார் என்று மன்னார்ப் பாலம் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.